8 வயதில் நடந்த பிள்ளைக்கு 14 வயதில் ஏன் நடக்க ஏலாமல் போனது?

அந்தப் பிள்ளை தரம் 3 இல் என்னிடம் படித்தான். வோக்கரைப் பிடித்துக்கொண்டு பாடசாலை வாசலில் இருந்து வகுப்பறை வரை தானே நடந்து வருவான். மற்றப் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் கடக்கும் தூரத்துக்கு அவனுக்குப் பத்து நிமிடம் எடுக்கும். ஆனாலும் யாரும் தூக்க விடமாட்டான்.

தரம் 9 இல் மீண்டும் அவன் என் வகுப்புக்கு வந்தபோது, தம்பி தள்ளிவந்த சக்கர நாற்காலியில் இருந்தான். முழங்கால்கள் மடிந்தபடியே இறுகியிருந்தன. அவனுடைய உம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "வருத்தம் கூடயில்லையாம் டீச்சர். டொக்டர் அப்பிடித்தான் சொன்னாங்க. அப்ப ஏன் புள்ளைக்கு நடக்க ஏலாமப் போச்சு?"

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகு அவர்களோடு வைத்தியசாலைக்குப் போய், கேட்டு, வாசித்து அறிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முள்ளியவளை, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி என்று நம் பகுதியில் மட்டுமல்ல, நம் சமூகம் வாழும் எந்த ஊரிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். பலருக்கு அந்த வீட்டைத் தெரியும். உள்ளே இருக்கும் பிள்ளையைத் தெரியாது.

மூளையில் என்ன நடக்கிறது?

செரிப்ரல் பால்சி என்பதைத் தமிழில் மூளை முடக்குவாதம் அல்லது பெருமூளை வாதம் என்கிறோம். கர்ப்பத்திலோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பு இது. குறைமாதப் பிறப்பு, மிகக் குறைந்த பிறப்பு நிறை, பிறக்கும்போது ஒட்சிசன் தடைப்படுவது, கர்ப்பகாலத் தொற்று, கவனிக்கப்படாத கடும் மஞ்சள் காமாலை போன்றவை காரணங்களாகலாம். பல பிள்ளைகளில் ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. உலக அளவில் 1000 பிறப்புகளுக்கு ஏறத்தாழ 2 பிள்ளைகள் என்ற அளவில் இது காணப்படுகிறது. இது தொற்றுநோய் அல்ல. கண்ணூறும் அல்ல. தாய் செய்த குற்றமும் அல்ல.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே திருத்திவிட வேண்டும். பேச்சுத் தெளிவில்லாத பிள்ளைக்கு அறிவும் இல்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறத்தாழ இரண்டு பேரில் ஒருவருக்கே அறிவுசார் குறைபாடும் இருக்கிறது. மற்றப் பாதிப்பேர் நீங்கள் பேசுவதை எல்லாம் விளங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மூளையில் ஏற்பட்ட அந்தப் பாதிப்பு காலப்போக்கில் வளர்வதில்லை. டொக்டர் சொன்னது உண்மை. ஆனால் மூளை அப்படியே இருக்க, உடம்பு வளர்கிறது. உம்மாவின் கேள்விக்கான பதில் இங்கேதான் தொடங்குகிறது.

எலும்பு ஓடுகிறது, தசை பின்தங்குகிறது

தசை நீள வேண்டுமென்றால் அது இழுபட வேண்டும், வேலை செய்ய வேண்டும். ஓடியாடும் பிள்ளைக்கு இது தானாக நடக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் தசைகள் இறுக்கமாக இருக்கின்றன, அதே நேரத்தில் பலவீனமாகவும் இருக்கின்றன. இறுகிய தசை பலமான தசை என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. 11, 12 வயதுக்குப் பின் பிள்ளை திடீரென உயரும்போது எலும்பு வேகமாக நீள்கிறது. தசை அதற்கு ஈடுகொடுக்காமல் பின்தங்குகிறது. முழங்கால் மடிகிறது, குதிக்கால் நிலத்தில் படாமல் போகிறது. உடல் நிறையும் கூடுகிறது. 20 கிலோ உடலைத் தாங்கிய அதே கால்கள் இப்போது 40 கிலோவைத் தாங்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பிள்ளைகளின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறை ஒன்றை 1997 இல் கனடாவில் உருவாக்கினார்கள். முதலாம் நிலைப் பிள்ளை தானாக நடக்கும், ஓடும். இரண்டாம் நிலைப் பிள்ளை நடக்கும், ஆனால் நீண்ட தூரமும் மேடுபள்ளமும் கஷ்டம். மூன்றாம் நிலையில் வோக்கர் அல்லது ஊன்றுகோல் தேவை. நான்காம் நிலைப் பிள்ளை பெரும்பாலும் சக்கர நாற்காலியில் இருக்கும். ஐந்தாம் நிலையில் தலையை நிமிர்த்தி வைத்திருக்கவே உதவி வேண்டும்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 650 இற்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2009 இல் வெளியானது. முதல் இரண்டு நிலைகளில் உள்ளவர்கள் பொதுவாக 21 வயது வரை தாம் பெற்ற திறனை இழக்கவில்லை. மூன்றாம், நான்காம், ஐந்தாம் நிலைகளில் உள்ளவர்கள் 7, 8 வயதளவில் தமது உச்சத்தைத் தொட்டு, அதன் பிறகு அதில் ஒரு பகுதியை இழந்தார்கள். என் மாணவன் மூன்றாம் நிலை. 8 வயதில் அவன் நடந்தது அவனுடைய உச்சம். அதைக் காப்பாற்றுவதற்கான உழைப்பு கூட வேண்டிய வயதில், அவனுடைய பயிற்சி அடியோடு நின்றுபோயிருந்தது.

எப்படி நின்றது?

யாரும் வேண்டுமென்று நிறுத்தவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட பல குடும்பங்களைப் போல இவர்களும் புத்தளத்தில் வாழ்ந்தவர்கள். அங்கே கிளினிக் பக்கத்தில் இருந்தது. சொந்த ஊருக்குத் திரும்பியபோது வீடு கட்ட வேண்டும், காணி துப்புரவாக்க வேண்டும், வாப்பாவுக்குத் தொழில் தேட வேண்டும். பிள்ளையின் பயிற்சி "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போனது. பிள்ளையும் பாரமாகிவிட்டான். பஸ்ஸில் தூக்கி ஏற்றப்போய் உம்மாவின் இடுப்பு பிடித்துக்கொண்டது.

என் பங்கையும் சொல்ல வேண்டும். தரம் 3 இல் உடற்பயிற்சிப் பாடவேளை வந்ததும், "நீங்க இருங்க மகன், விழுந்திடுவீங்க" என்று அவனை வகுப்பில் இருத்திவிட்டு மற்றப் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போவேன். அவனுக்குப் பின்வந்த ஆசிரியர்களும் அதையே செய்தார்கள். ஆசிரியர் பயிற்சியில் விசேட தேவையுள்ள பிள்ளைகளைப் பற்றி நான் படித்தது கொஞ்சம்தான். அதில் உடற்பயிற்சி பற்றி எதுவும் என் நினைவில் இல்லை. இரக்கப்பட்டே செய்தேன். ஆனால் வகுப்பில் எவருக்கு உடற்பயிற்சி மிகவும் தேவைப்பட்டதோ, அந்த ஒரு பிள்ளையைத்தான் நான் ஐந்து நாளும் உட்காரவைத்தேன்.

மருத்துவ உலகும் ஒருகாலத்தில் இதே தவறைச் செய்தது. பலப்பயிற்சி கொடுத்தால் இறுகிய தசை இன்னும் இறுகிவிடும் என்று பல பத்தாண்டுகளாக நம்பினார்கள். 1990 களில் அமெரிக்காவின் டயன் டமியானோ போன்ற ஆய்வாளர்கள் பாரம் தூக்கும் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். தசைக்குப் பலம் கூடியது, இறுக்கம் கூடவில்லை. அதன் பிறகே அந்தப் பயம் மெல்ல விலகியது. நம் ஊரில் அது இன்னும் விலகவில்லை.

எது பலன் தருகிறது?

பல வீடுகளில் பயிற்சி என்றால் பிள்ளையைப் படுக்கவைத்து, எண்ணெய் தேய்த்து, காலை இழுத்து மடக்குவதுதான். எண்ணெய் தேய்ப்பது சுகம் தரும், தவறில்லை. ஆனால் அங்கே வேலை செய்வது உம்மாவின் கை. பிள்ளையின் தசை சும்மா கிடக்கிறது. அவுஸ்திரேலியாவின் அயோனா நோவாக் தலைமையிலான குழு ஒன்று 2013 இலும் பின்னர் 2020 இலும் இத்துறையின் ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டது. பிறர் பிள்ளையின் உடலை அசைத்துக் கொடுக்கும் முறைகளுக்குப் பலன் குறைவு. பிள்ளை தானே முயன்று, தனக்கு வேண்டிய ஒரு செயலை, அது நடக்க வேண்டிய இடத்திலேயே திரும்பத் திரும்பப் பழகுவதே பலன் தருகிறது. இதுதான் அவர்கள் கண்டதன் சாரம்.

மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கான உடற்பயிற்சிப் பரிந்துரைகள் 2016 இல் சர்வதேச ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டன. அவற்றின் சுருக்கம் இது.

பலப்பயிற்சி: வாரத்துக்கு 2 முதல் 4 நாட்கள், அடுத்தடுத்த நாட்களில் அல்லாமல் இடைவெளி விட்டு. ஒவ்வொரு பயிற்சியையும் 6 முதல் 15 தடவை, அதை 1 முதல் 3 சுற்று. குறைந்தது 12 முதல் 16 வாரம் தொடர வேண்டும். இரண்டு கிழமை செய்துவிட்டுப் பலனில்லை என்று விடக்கூடாது.

மூச்சுக்கும் இதயத்துக்குமான பயிற்சி: வாரத்துக்கு 1, 2 நாளில் தொடங்கி 3 நாளாக்க வேண்டும். ஒரு தடவைக்கு 20 நிமிடமாவது வேண்டும். வோக்கரோடு வேகமாக நடப்பது, மூன்று சில்லுச் சைக்கிள் மிதிப்பது, தன் சக்கர நாற்காலியைத் தானே தள்ளுவது எல்லாம் இதில் சேரும். மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பேச முடியாத அளவுக்கு அல்ல.

உட்கார்ந்தே இருப்பதை உடைத்தல்: 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை 2 நிமிடமாவது நிலை மாற வேண்டும். இதை ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு சதம் செலவில்லாமல் செய்யலாம். பாடம் மாறும்போது அந்தப் பிள்ளையை மேசையைப் பிடித்து எழுந்து நிற்கச் சொன்னால் போதும்.

வீட்டில் இதற்கு மிஷின் எதுவும் தேவையில்லை. என் மாணவனுக்கு இயன்மருத்துவர் சொல்லிக்கொடுத்தவை மூன்று. ஒன்று, கதிரையில் இருந்து எழும்பி நின்று மீண்டும் இருப்பது. முதலில் உயரமான கதிரை, பிறகு பதிவான கதிரை. இரண்டு, சுவரைப் பிடித்தபடி ஒரு பலகைக் கட்டையில் ஏறி இறங்குவது. மூன்று, தரையில் இருந்து முழந்தாளிட்டு, கதிரையைப் பிடித்து எழும்புவது. 15 தடவை இலகுவாகச் செய்ய முடிந்தால், அரைக் கிலோ மணல் பையை முதுகில் சேர்க்க வேண்டும். கடைசி இரண்டு மூன்று தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். கஷ்டமே இல்லாத பயிற்சியால் தசை பலம் பெறுவதில்லை.

கவனமாக இருக்க வேண்டியவை

டொக்டரிடமோ இயன்மருத்துவரிடமோ காட்டாமல் இதைத் தொடங்க வேண்டாம். முதல் காரணம் இடுப்பு மூட்டு. இந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடுப்பு எலும்பு மூட்டில் இருந்து விலகுகிறது. முதலாம் நிலையில் இது அநேகமாக இல்லை. ஐந்தாம் நிலையில் 90 சதவீதம் வரை உண்டு. எக்ஸ்றே எடுத்தால்தான் தெரியும். நான்கு பேரில் ஒருவருக்கு வலிப்பும் இருக்கிறது. நான்கில் மூன்று பேருக்கு உடல் நோவு இருக்கிறது. வாய் திறந்து சொல்ல முடியாத பிள்ளை, முகத்தைச் சுளித்துத்தான் அதைச் சொல்லும். பயிற்சிக்குப் பின் தசை உளைவது சாதாரணம். மூட்டில் கூர்மையான நோவு வந்தால் உடனே நிறுத்திக் காட்ட வேண்டும். இறுகிய மூட்டைப் பலவந்தமாக இழுப்பதை யாருக்கும், எந்த வைத்தியருக்கும் அனுமதிக்க வேண்டாம்.

நான்காம், ஐந்தாம் நிலைப் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பொய்யான நம்பிக்கை கொடுக்க நான் விரும்பவில்லை. அவர்களுக்கான பயிற்சியின் நோக்கம் நடையாக இல்லாமல் இருக்கலாம். நிமிர்ந்து இருக்க, சாய்ந்த முதுகு மேலும் சாயாமல் இருக்க, நிற்கும் சட்டகத்தில் தாங்கி நிற்க, கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறும்போது கொஞ்சமாவது தன் காலை ஊன்ற உதவினால் அதுவே பெரிது. கடைசியாகச் சொன்னது உம்மாவின் இடுப்பையும் காப்பாற்றும்.

"உங்களுக்கு என்ன செய்ய ஆசை?"

அன்று வைத்தியசாலையில் இயன்மருத்துவர் உம்மாவிடமோ என்னிடமோ முதலில் பேசவில்லை. பிள்ளையைப் பார்த்துக் கேட்டார்: "உங்களுக்கு என்ன செய்ய ஆசை?" 14 வருடத்தில் அவனிடம் யாரும் கேட்காத கேள்வி. அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போகணும். என்னைத் தூக்கக் கூடாது."

வாப்பா அவனை ஜும்ஆவுக்குத் தூக்கிக்கொண்டு போனது உண்டு. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு, கூட்டாளிமார் பார்க்க வாப்பாவின் தோளில் போவதற்கு வெட்கப்பட்டு அவன் நிறுத்திக்கொண்டானாம். வருத்தம் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள்.

அந்த மூன்று பயிற்சிகளும் இந்த ஆசையில் இருந்துதான் வந்தன. பள்ளிவாசலுக்கு இரண்டு படி. ஆகவே பலகைக் கட்டையில் ஏறிப் பழகினான். தொழுது முடிந்து தரையில் இருந்து எழும்ப வேண்டும். ஆகவே முழந்தாளிட்டு எழும்பிப் பழகினான். காலைக் காட்டி "பத்துத் தரம் செய்" என்றால் சலிக்கும் பிள்ளை, பள்ளிக்குப் போக என்றால் உம்மா மறந்தாலும் ஞாபகப்படுத்தினான்.

நின்று தொழ முடியாதவர் இருந்தும், அதுவும் முடியாதவர் விலாப்புறமாகச் சாய்ந்தும் தொழலாம் என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் இம்ரான் பின் ஹுசைன் ரழியல்லாஹு அன்ஹு அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இந்தச் சலுகை, ஏலாதவரும் தொழுகையின் உள்ளே இருக்க வேண்டும் என்பதற்காக வந்தது. நாமோ "அவங்களுக்குக் கடமை இல்லைதானே" என்று சொல்லி அவர்களை வீட்டில் விட்டுவிட்டு வருகிறோம். நோய்க்கு மருந்து தேடுங்கள் என்று சொன்னவர்களும் நபியவர்களே. ஓதிப்பார்ப்பதும் துஆ கேட்பதும் நல்லது. அதைச் செய்த பிறகு மிச்ச நாளில் பிள்ளையை எழும்பி நிற்கவைப்பதும் நம் பொறுப்பு.

பெண் பிள்ளைகள்

ஆண் பிள்ளைக்காவது பள்ளிவாசல் என்று ஒரு வாசல் இருக்கிறது. வயதுக்கு வந்த பெண் பிள்ளையின் பயிற்சி அதோடு நின்றுவிடுகிறது. கிளினிக்கில் ஆண் சிகிச்சையாளர் என்றால் பெற்றோர் தயங்குகிறார்கள். முற்றத்தில் நடக்கவிட்டால் யாரும் பார்ப்பார்கள் என்று பயப்படுகிறார்கள். பெண் இயன்மருத்துவரைக் கேட்டு நாள் எடுக்கலாம். உம்மாவோ ராத்தாவோ கூடவே இருக்கலாம். மேலே சொன்ன மூன்று பயிற்சிகளும் வீட்டு அறைக்குள் செய்யக்கூடியவை. மாதவிடாய் நாட்களில் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள, மலசலகூடத்தில் பிடித்து எழும்ப முடிவதே ஒரு பெண் பிள்ளைக்குப் பெரிய இலக்கு. அவளுடைய மானமும் பாதுகாப்பும் அதில்தான் இருக்கிறது. உம்மாவுக்குப் பிறகு அவளைப் பார்ப்பது யார் என்ற கேள்வியின் பாரமும் அதனால் கொஞ்சம் குறையும்.

எங்கே போவது, யார் என்ன செய்வது?

முல்லைத்தீவு மாவட்டத்தில் முதலில் போக வேண்டிய இடம் மாஞ்சோலையில் உள்ள மாவட்ட வைத்தியசாலை. முள்ளியவளையில் இருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றரில் மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் மருத்துவப் புனர்வாழ்வு நிலையம் இருக்கிறது. தென்பகுதியில் இருப்பவர்களுக்கு, ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்து மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான தேசிய நிலையம் இயங்குகிறது. உதவித்தொகை, சக்கர நாற்காலி, வோக்கர் பற்றிப் பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் கேட்க வேண்டும்.

தூரம்தான் பெரிய தடை. வேலைக்குப் போகும் வாப்பா ஒரு நாள் சம்பளத்தை விட்டு, ஓட்டோவுக்கும் காசு கொடுக்க வேண்டும். நம் பைத்துல்மால் நிதியில் இருந்து ஊரில் உள்ள இப்படியான பிள்ளைகளுக்கு மாதம் ஒருமுறை ஒரு வேன் பிடித்துக் கொடுப்பது பெரிய செலவல்ல. மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து போனால் உம்மாமார் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்வார்கள். இயன்மருத்துவர் ஒருமுறை காட்டிக்கொடுத்தால் மிச்ச நாட்கள் வீட்டில் நடக்கும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். படிக்குப் பக்கத்தில் ஒரு கைபிடிக் குழாய். வுழுச் செய்யும் இடத்தில் இருந்து செய்ய ஓர் உயரமான கல், சுவரில் ஒரு பிடி, வழுக்காத தரை. ஒரு பக்கத்தில் சாய்தளம், 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில். வோக்கரின் இறப்பர் அடியைத் துடைக்க ஒரு துணி. மாற்றுத்திறனாளிகள் பொதுக் கட்டடங்களுக்குள் செல்ல வழி இருக்க வேண்டும் என்று 2006 இல் இருந்தே நம் நாட்டில் ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. அதற்காக அல்ல, அல்லாஹ்வின் வீடு என்பதற்காகவே செய்யலாம்.

ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். உடற்பயிற்சிப் பாடவேளையில் அந்தப் பிள்ளையையும் மைதானத்துக்குக் கொண்டுபோங்கள். பந்தை உருட்டட்டும், தன் நாற்காலியைத் தானே தள்ளட்டும், வோக்கரோடு கோடு வரை போய் வரட்டும். விழுந்தால் தூக்கிவிடலாம்.

என் மாணவன் இன்றும் சக்கர நாற்காலியில்தான் பாடசாலைக்கு வருகிறான். இழந்தது எல்லாம் திரும்பி வரவில்லை, வராது என்றும் இயன்மருத்துவர் சொல்லிவிட்டார். நான்கு மாதப் பயிற்சிக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வாப்பா பள்ளிவாசல் படிவரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். புதிதாகப் போட்ட கைபிடியைப் பிடித்து இரண்டு படியும் அவனே ஏறினானாம். ஸஃப்பின் ஓரத்தில் கதிரை போட்டிருந்தார்கள். அதில் இருந்து தொழுதுவிட்டு, ஸலாம் கொடுத்த பிறகு கதிரையின் கையை ஊன்றி எழும்பி நின்றிருக்கிறான். நான் அங்கே இருக்கவில்லை. திங்கட்கிழமை வகுப்புக்குள் வந்ததும் வராததுமாக அவன்தான் சொன்னான்: "டீச்சர், ஒருத்தரும் தூக்கயில்ல."

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இந்த வாரம் போய் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அல்லாஹ் அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களைச் சுமக்கும் உம்மாமாருக்கும் இலேசாக்கி வைப்பானாக.